நட்டவர் யார்?

சென்ற ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோவையில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் பன்னிரண்டு பேருடன் நாம் வால்பாறைக்குச் சென்றிருந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நடுவதற்காகச் சென்றோம். இரண்டு வேன்கள் புறப்பட்டன. ஒன்றில் முதலாளிமார், மற்றொன்றில் நூறு கன்றுகளும் கடைப் பையன்கள் ஒன்பது பேரும். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சாரல் மழையில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். பையன்கள் குழி தோண்டினார்கள். நாம் கன்றை வைத்து மண் தள்ளினோம். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், பிஸ்கட் கொடுத்தோம், பதாகையை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். வால்பாறைப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு மனம் குளிர்ந்து மலை இறங்கினோம்.

இறங்கும் வழியில் நம்முடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “இன்று நம் ஏட்டில் என்ன எழுதப்பட்டிருக்கும்? ஸதகா என்றா, விளம்பரம் என்றா?” சிரிப்பு எழுந்தது. “நட்டாயிற்று ஹாஜியார், கூலி அல்லாஹ்விடத்தில்” என்று ஒருவர் முடித்து வைத்தார். நாமும் தலையாட்டினோம்.

நட்டாயிற்றா என்பதுதான் கேள்வி. ஓராண்டாக நம்மை விடாமல் தொடர்ந்துவரும் அக்கேள்வியை வாசகர்கள் முன் வைக்கிறோம். நம் ஜமாஅத்துகளிலும் வணிகர் சங்கங்களிலும் இப்பொழுது மரம் நடுதல் பெருகி வருகிறது. அதனால் இது நம் ஒருவரின் கவலை மட்டுமல்ல.

மரம் நடுவதன் சிறப்பைச் சொல்லும் நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு முஸ்லிம் மரத்தை நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது அதன் கருத்து. ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் ஸதகா, காட்டு விலங்கு தின்றதும் ஸதகா என்று இன்னும் விரிவாக வருகிறது. இதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஆனால் நன்மை எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று நின்று பார்த்தோமா? உண்ணும் வாயில் கட்டப்பட்டிருக்கிறது. கன்றைக் குழியில் இறக்கிய கணத்துக்கும் ஒரு பறவை அதன் கனியைக் கொத்தும் நாளுக்கும் இடையே ஆறேழு கோடைகள் உண்டு. அந்தக் கோடைகளில் தண்ணீர் ஊற்றுபவர் யாரோ அவர் இந்த நபிமொழியில் எந்த இடத்தில் நிற்கிறார்?

மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடுங்கள் என்ற கருத்துடைய நபிமொழியை நண்பர்கள் எடுத்துக் காட்டுவார்கள். ஆம், நம் ஆற்றலில் எஞ்சியிருப்பது நடுவது ஒன்றே என்றால், அது போதும். உலகம் முடிகிற மாலையில் தண்ணீர் ஊற்ற நாளை இல்லை. நமக்கோ நாளை இருந்தது, வேனும் இருந்தது, தொலைபேசியும் இருந்தது. கியாமத்தின் சலுகையைக் கோவை வணிகர் கேட்பது சரியாகுமா?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அடிமையாய் இருந்த அவர்கள் விடுதலை பெறத் தம் எஜமானரோடு ஒப்பந்தம் எழுதினார்கள். நாற்பது ஊக்கிய்யா தங்கம். அத்துடன் முந்நூறு பேரீச்சங்கன்றுகள். கன்றுகளைக் கொடுப்பதோ நடுவதோ மட்டும் நிபந்தனையல்ல. அவற்றை உயிர் பிடிக்கச் செய்து தரவேண்டும் என்றே இமாம் அஹ்மத் பதிவு செய்த அறிவிப்பின் சொல் அமைந்திருக்கிறது. உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். ஒருவர் முப்பது கொண்டுவந்தார், ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து. அவரவர் சக்திக்கு ஏற்பக் கன்றுகள் சேர்ந்தன. குழிகளைத் தோண்டிவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். குழி தோண்டுவதிலும் தோழர்கள் உதவினார்கள். பின்னர் அண்ணலார் தாமே வந்து தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்கள் நன்றியுடன் சொல்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சியில் யாருக்காக மரம் நடப்பட்டது என்று பாருங்கள். தோப்பு எஜமானருடையது, கனியும் அவருக்கே. மரம் உயிர் பிடித்ததால் விடுதலை பெற்றவர் ஓர் அடிமை. நம் மார்க்கத்தில் மரம் நடுதலின் மிக உயர்ந்த காட்சி, உழைப்பவன் ஒருவனின் கழுத்துக் கட்டை அவிழ்த்த காட்சியாக இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வால்பாறைக்குத் திரும்புவோம்.

அந்த மலையே நடப்பட்ட மலை. கடல் மட்டத்துக்குச் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் மழைக்காடாக இருந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டிக் காப்பியும், பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். வெட்டியவர்களும் நட்டவர்களும் துரைமார் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும். வறண்ட மாவட்டங்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் கூட்டிவந்த ஏழை மக்கள் வெட்டினார்கள், நட்டார்கள், காய்ச்சலில் மடிந்தார்கள். 1940களில் இத்தோட்டங்களில் மருத்துவராக இருந்த டாக்டர் பி. எச். டேனியல், அந்தக் கூலிகளின் வாழ்வை ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக 1969இல் வெளியிட்டார். அது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தது. 2013இல் ‘பரதேசி’ என்ற திரைப்படத்துக்கும் அதுவே அடிப்படை.

அந்த நாட்களின் கொடுமை இன்று இல்லை. மருத்துவமும் பள்ளியும் வந்துவிட்டன. ஆனால் ஒன்று மாறவில்லை. வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியோடு பழகும் அந்தக் கைகளுக்கு, தமக்கென்று ஒரு முருங்கைக் கொம்பை ஊன்ற ஒரு முழம் சொந்த மண் அம்மலையில் இல்லை. லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்துகொண்டு இறங்க வேண்டியதுதான். ஆகவே பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மரத்தின் கனியை அப்பிள்ளை தின்னும் என்பதற்கு உறுதி கிடையாது. அதற்குள் அவன் தகப்பனார் ஓய்வு பெற்றுக் குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ போயிருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடமும் எவரும் இட்ட பிச்சையன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதாவது அது அவர்களின் ஹக். திருக்குர்ஆனும் செல்வரின் பொருளில் கேட்போருக்கும் கேட்காமலே வறுமையில் இருப்போருக்கும் உரிமை உண்டு என்றே கூறுகிறது (51:19). உபகாரம் என்ற சொல்லை அங்கே காணோம். தன் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள வந்தவன் எதிரில் தருமப் பிரபுவைப் போல நாம் நின்றுவிடக் கூடாது. ஆனால் அன்று நாம் அப்படித்தான் நின்றோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

நாம் கொண்டுபோன நூறு கன்றுகளில் முப்பது பலா. பள்ளியின் ஆசிரியர் அவற்றைப் பார்த்ததும் தயங்கினார். “பலா மட்டும் வேண்டாமே, யானை வருமுங்க” என்றார் மெல்ல. நம் நண்பர் ஒருவருக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. விலங்கு தின்றாலும் ஸதகா என்ற நபிமொழியை அழகாக எடுத்துரைத்தார். ஆசிரியர் பேசாமல் நின்றார். பலாக்கன்றுகள் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் நடப்பட்டன.

வால்பாறையைச் சூழ்ந்திருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைகளுக்குத் தேயிலைத் தோட்டங்களே வழிநடை. அரிசிக்காக ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் அவை உடைப்பது அம்மக்களுக்குப் பழகிப்போன செய்தி. யானை நடமாட்டத்தை முன்கூட்டி அறிவிக்கக் கைப்பேசிச் செய்தியும், தொலைவிலிருந்தே தெரியும் சிவப்பு விளக்குகளும் அங்கே ஏற்பாடாகியிருக்கின்றன. வீட்டருகே புதர் மண்டினால் சிறுத்தையின் பயம். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைச் சிறுத்தை கவ்விச் சென்ற துயரச் செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்தன. அந்த இடத்தில் சத்துணவுக் கூடத்தின் பின்னால் முப்பது பலா! யானை தின்றால் நன்மை நமக்கு. யானை வந்தால் ஆபத்து அப்பிள்ளைகளுக்கு. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற நபிமொழியும் நாம் ஓதியதுதான். ஆனால் அன்று அது எவர் நாவிலும் வரவில்லை.

ஆசிரியர் ஏன் மறுத்துப் பேசவில்லை? நாம் கொடுக்கிறவர்கள். கொடுக்கிறவனிடம் வாங்குகிறவன் எப்படி வேண்டாம் என்பான்? ஸதகாவைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிக் கொள்ளாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. வழுக்குப் பாறையில் படிந்த மண்ணைப் பெருமழை கழுவிப்போவதை அங்கே அல்லாஹ் உவமையாகக் காட்டுகிறான். நாம் யாரையும் கடிந்து பேசவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறக்க முடியாத நிலையில் ஒருவரை வைப்பதும் நோவினையில் சேராதா?

இதை அறிந்து செய்வோர் அதே மலையில் இருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற நிறுவனத்தார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்ட நிறுவனங்களுடன் பேசி, சிதைந்துபோன காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டு வருகிறார்கள். சாலையோரம் உதிரும் காட்டுப் பழங்களின் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நட்டு, பின்வரும் ஆண்டுகளில் களையெடுக்கவும் செய்கிறார்கள். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதைப் பார்த்தே மலை பச்சை என்று மகிழ்கிறோம். நாம் சென்ற அன்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நமக்குத் தோன்றவில்லை.

சமவெளியிலும் நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. திருப்பூரின் தொழில் துறையினர் 2015 முதல் நடத்திவரும் ‘வனத்துக்குள் திருப்பூர்’, நட்டதற்குத் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பதையும் தன் பணியிலேயே சேர்த்துக்கொண்டது. கோவை அரசுப் பேருந்து நடத்துனர் யோகநாதன் தம் சம்பளத்தில் கன்று வாங்கி, விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், நடுகிற பிள்ளையின் பெயரையே கன்றுக்கு வைத்துவிடுவார் என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். தன் பெயருள்ள செடியை எந்தப் பிள்ளை வாட விடும்!

படம் எடுத்ததைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். இதில் நாம் ஒரேயடியாகக் கண்டிக்கப் போவதில்லை. தான தருமங்களை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நல்லது என்று இரண்டையும் அனுமதித்தே திருமறை பேசுகிறது (2:271). முழர் கிலாத்தார் கந்தலுடுத்தி மதீனாவுக்கு வந்தபோது, அன்சாரிகளில் ஒருவர் கை கொள்ளாத பை நிறையக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் வைத்தார். அதைக் கண்டு மக்கள் வரிசையாகக் கொண்டுவர, அண்ணலாரின் திருமுகம் பொன்போல் ஒளிர்ந்தது என்று முஸ்லிமில் வருகிறது. ஆகவே படத்தைப் பார்த்து இன்னும் நால்வர் நடுவார்களானால் நன்மையே. மறுபுறம், கொடையாளி என்று பேசப்படுவதற்காகவே கொடுத்தவனைப் பற்றிய கடும் எச்சரிக்கையும் அதே முஸ்லிமில் இருக்கிறது. எது எவர் உள்ளத்தில் இருந்தது என்பதை நாம் தீர்ப்பிட முடியாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஜகாத்தின் நுட்பங்களைக் கூறுமிடத்தில், வாங்குபவரின் மானம் மறைவாய்க் கொடுப்பதால் காக்கப்படுவதையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். கொடுப்பவனின் உள்ளத்தைச் சோதிப்பது கடினம். வாங்குபவரின் முகம் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. நம் படத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் தாய் தகப்பனாரிடம் எவரும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளையை இப்படிப் பதாகைக்குக் கீழே நிறுத்த நாம் சம்மதிப்போமா?

பெரிய கம்பெனிகளுக்கு இதில் சட்டமும் சேர்ந்துகொண்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கட்டாயத்தில் கொடுத்தால் நன்மை உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். ஜகாத்தும் கட்டாயமே, நிய்யத் இருந்தால் அது இபாதத். ஆனால் கட்டாயம் என்பதால் கணக்குக் காட்டுவது பழக்கமாகிவிடுகிறது. கணக்குக்கு எளிதானது நட்ட எண்ணிக்கை. பிழைத்த எண்ணிக்கையை எழுதும் கட்டம் படிவத்தில் இருந்தாலும் அதை நிரப்ப மீண்டும் மலையேற வேண்டும்.

ஆனைமலையின் மற்றொரு பக்கம் டாப்சிலிப்பில் ஒரு கல்லறை இருக்கிறது. ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரியுடையது, 1933இல் இறந்தார். இரயில் பாதைக்கும் கப்பலுக்கும் வெட்டி வெட்டி மொட்டையான மலைச் சரிவுகளில், சட்டைப் பையில் தேக்கு விதையும் கையில் கைத்தடியுமாக நடந்து, தடியால் குத்திய குழிகளில் விதை போட்டுக்கொண்டே போனவர் என்று அம்மக்கள் சொல்கிறார்கள். அவர் நட்டது பெரும்பாலும் ஒரே தேக்கு என்று இன்றைய அறிஞர் குறை கூறலாம். ஆனால் நட்ட இடத்திலேயே நடந்து திரிந்தார், அங்கேயே அடக்கமானார். நாமோ மாலைக்குள் இறங்கிவிட வேண்டியவர்கள்.

இனி, சொல்லக் கூசும் ஒன்று. அன்று குழி தோண்டிய கடைப் பையன்களைப் பதாகையில் ‘தன்னார்வத் தொண்டர்கள்’ என்று போட்டிருந்தோம். வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடையில் நிற்பவர்கள். ஞாயிறு ஒன்றே அவர்களின் நாள். வர விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கு வந்துவிடு என்று சொன்னோம். திரும்புகையில் தேநீர்க் கடையில், “இன்னைக்குச் சம்பளம் உண்டாடா?” என்று ஒருவன் மற்றவனிடம் கேட்டது நம் காதில் விழுந்தது. “தர்மத்துக்குப் போயிருக்கோம், சம்பளமாவது” என்றான் அடுத்தவன். மனமொப்பிக் கொடுத்தாலன்றி எவர் பொருளும் மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நம் மார்க்கச் சட்டம். ஒருவனின் ஓய்வுநாள் அவன் பொருளல்லவா? வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் செய்தி புகாரீயில் இருக்கிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியைக் கடையில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருப்பவரும் அன்று வந்திருந்தார். நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவரே. ஸல்மான் (ரலி) அவர்களின் விடுதலைக்கு அல்லாஹ்வின் தூதரே கையில் மண் படிய நட்டார்கள். இங்கே பிள்ளைகளுக்கு உபகாரம் என்று சொல்லி ஒன்பது பையன்களின் ஒருநாளைப் பிடுங்கிக்கொண்டோம்.

இவ்வாண்டு மே மாதக் கடைசியில் மீண்டும் போனோம். இம்முறை மூவர் மட்டும். பள்ளி விடுமுறை. கீழே லைன் வீட்டிலிருந்து சத்துணவு ஆயா சாவியோடு ஏறி வந்தார். முற்றத்தில் காய்ந்த குச்சிகள் வரிசையாய் நின்றன. வால்பாறை மழை பேர் பெற்றது. சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுந்த மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதனால் தண்ணீர்க் கவலையே இல்லை என்று எண்ணியிருந்தோம். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை அம்மலையும் காயும் என்பதை அந்தக் குச்சிகள் சொல்லின. எண்ணிப் பார்த்தோம்: முப்பத்தொன்று உயிரோடு இருந்தன. அத்தனையும் சமையல் கூடத்துக்கு அருகில் உள்ளவை. அரிசி களைந்த தண்ணீரை ஊற்றியதாக ஆயா சொன்னார்.

“பலாவெல்லாம் எங்கே அம்மா?” என்றோம்.

“நீங்க போன மறுநாளே வாத்தியார் பிடுங்கிட்டாருங்க” என்றவர், சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, “புள்ளைங்க இருக்கிற எடமில்லீங்களா” என்றார்.

ஆசிரியர் செய்தது சரி என்று சொன்னோம். அவர் முகம் தெளிந்தது. பள்ளி மூடியிருந்த நாட்களிலும் தினமும் இருமுறை வந்து ஊற்றினீர்களா என்று கேட்டதற்கு, “செடி வாடிக் கெடந்தா பாத்துக்கிட்டே போக முடியுதா பாய்?” என்றார். அதற்கு யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. படத்திலும் அவர் இல்லை. அன்று பிஸ்கட்டோடு கொடுத்த தேநீரைப் போட்டவர் அவர்தான் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

பையன்கள் ஒன்பது பேருக்கும் அந்த ஞாயிற்றுக்குரிய சம்பளத்தை, ஓராண்டு தாமதித்து, கொடுத்துவிட்டோம். வாங்கும்போது ஒருவன் எதற்கு என்று கேட்டான். மற்றவர்கள் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆயாவுக்கு வரும் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலியை ஆசிரியர் முன்னிலையில் பேசி முடித்திருக்கிறோம். எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது தொகை சொல்ல மாட்டேன் என்றார். நாமே நியாயமான கூலியைக் கணக்கிட்டோம். ஜூன் மாதம் மறுபடியும் கன்றுகள் கொண்டுவரட்டுமா, எந்த மரம் வேண்டும் என்று அவரையே கேட்டோம். அவர் குழாயடிக்கும் முற்றத்துக் கோடிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

“செடி வேண்டாம் பாய். இருக்கிறது பொழைக்கட்டும். ஓஸ் பைப் ஒண்ணு வாங்கியாங்க, நூறு அடி.”